ஒரு கரண்டி குறைவு

மார்ச் 3, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ஏதோ ஆய்வுக்கென்று மகள் எச்சிலையும் என் எச்சிலையும் எடுத்துப் போனார்களே, அதன் முடிவு. உடல் பருமனோடு தொடர்புள்ள மரபணு ஒன்று எனக்கும் இருக்கிறதாம், அவளுக்கும் இருக்கிறதாம். எனக்கு இருப்பதைக் கண்டுபிடிக்க எச்சில் எதற்கு? ஆளைப் பார்த்தாலே போதுமே. ஊருக்கெல்லாம் அளவெடுக்கும் தையல்காரன் நான். என் இடுப்பை மட்டும் அளப்பதில்லை.

மூக்கும் முழியும் அம்மா மாதிரி என்கிறார்கள். என் பங்குக்கு இதைக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 4

கடிதத்தின் பின்பக்கத்தை இன்றுதான் படித்தேன். முன்பக்கத்தோடு பயந்து முடித்துவிடுவது என் வழக்கம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளிடம் இந்த மரபணுவின் ஆட்டம் கொஞ்சம் அடங்குமா என்று பார்க்கிறார்களாம். இன்னும் உறுதியாகத் தெரியாதாம்.

எங்கள் வீட்டில் காலையும் மாலையும் தாய்ப்பால். மனைவி பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்விட்டால் பகல் முழுக்க டின் பால், என் கையால். பாட்டிலில் ஒரு சொட்டு மிஞ்சினாலும் எனக்கு மனசு தாங்காது. கொஞ்சி, தட்டிக்கொடுத்து, மறுபடி வாயில் வைத்துக் குடிக்கவைப்பேன். அதற்கும் மசியவில்லை என்றால் நானே குடித்துவிடுவேன்.

“டின் பால்ல வளர்றது அவளா, நீங்களா?” என்றாள் இவள்.

மார்ச் 7

மச்சான் வந்தான். குழந்தையின் தொடையைக் கிள்ளி, “யாரு பொண்ணுன்னு கேக்கவே வேணாம்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் பூசணி என்று கூப்பிட்டபோதும் அப்படித்தான் சிரிப்பேன்.

அவன் போனதும் டேப்பை எடுத்துத் தொடையை அளந்தேன். போன வாரத்தைவிடக் கால் இஞ்ச் கூட.

மார்ச் 9

நூற்றிருபது மில்லி தண்ணீருக்கு நான்கு கரண்டி பவுடர். இன்று மூன்று போட்டேன். தண்ணீரைக் குறைக்கவில்லை. அவள் முழுதும் குடித்தாள். சட்டை இறுகினால் பிரித்துத் தைக்கலாம், உடம்பை என்ன செய்வது? இப்போதே பிடித்து வைத்தால்தான் உண்டு.

இவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 13

நாள் முழுக்க அழுகை. ஏன் என்று இவள் கேட்டதற்கு, பல் முளைக்கிறது போலிருக்கிறது என்றேன். நாலு மாதக் குழந்தைக்கா என்று ஒரு பார்வை பார்த்தாள். பொய் சொல்லக்கூட ஒரு அளவு வேண்டும். தையல்காரனுக்கு அதுகூடத் தெரியவில்லை.

மார்ச் 21, சனி

ஆய்வுக்காக எடை பார்க்க வரும் நர்ஸம்மா வந்தார். இரண்டு வாரத்தில் ஐம்பது கிராம்தான் ஏறியிருக்கிறது. மறுபடி நிறுத்தார். அதே ஐம்பது. எப்படிப் பால் கலக்குகிறீர்கள், என் முன்னால் கலக்குங்கள் என்றார். நான்காவது கரண்டியையும் போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். மூன்றோடு கை நின்றுவிட்டது. இவள் பக்கத்திலேயே நிற்கிறாள். சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. பவுடரைக் குறைத்தால் வெறும் தண்ணீர்தான் வயிற்றை நிரப்பும், பச்சைக் குழந்தைக்கு அது ஆபத்து என்றார். பிறகு, தைத்து மாட்டியிருந்த ஒரு சின்ன கவுனின் அடிமடிப்பைத் திருப்பிப் பார்த்தார்.

“உள்ள இவ்வளவு துணி விட்டிருக்கீங்களே, எதுக்கு தம்பி?”

“வளர்ற பிள்ளைங்க. அப்புறம் பிரிச்சு விடலாம்னு.”

“ஊரான் பிள்ளைக்குத் துணி விட்டுத் தைக்கறீங்க. சொந்தப் பிள்ளைக்கு இப்படிப் பிடிச்சுத் தச்சுட்டீங்களே.”

அந்த மரபணு இருந்தால் குண்டாகியே தீருவாள் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்றார். எந்தப் பாலாக இருந்தாலும் அவள் தலையைத் திருப்பினால் நிறுத்திவிட வேண்டும், அது ஒன்றுதான் நான் பார்க்க வேண்டியது என்றார்.

சாயங்காலம் நானாகத்தான் இவளிடம் போய்ச் சொன்னேன், “அவளையும் பூசணின்னு கூப்பிடுவாங்க.”

“கூப்பிட்டா நான் போய்க் கேட்டுக்கறேன். அதுக்காக என் பிள்ளையப் பட்டினி போடுவீங்களா?”

ஐயோ, பட்டினியா போட்டேன்? ஆமாம், பட்டினிதான் போட்டேன். பன்னிரண்டு நாள். தையல் மிஷின் மேல் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

மார்ச் 22

நான்கு கரண்டி. தலைதட்டி, மட்டமாக. இவள் பரீட்சை ஹாலில் நிற்பது போல வாசற்படியில் நின்று எண்ணினாள்.

ஏப்ரல் 4, சனி

இரண்டு வாரத்தில் நானூறு கிராம்! நர்ஸம்மா இரண்டாம் முறை நிறுக்கவில்லை. நான்தான் நிறுக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 7

இன்று பாட்டிலில் இரண்டு விரல் உயரம் மிச்சம் இருக்கும்போதே தலையைத் திருப்பிக்கொண்டாள். நான் கொஞ்சவில்லை, தட்டவில்லை. பழக்க தோஷத்தில் பாட்டில் என் வாய்க்குப் போனது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்துபோய்த் தொட்டியில் ஊற்றினேன். வயிறெரிந்தது. ஆனாலும் ஊற்றினேன்.

மத்தியானம் அவளுக்கு ஒரு கவுன் தைத்தேன். இவள் வந்து மடிப்பைத் திருப்பிப் பார்த்து, “மூணு இஞ்சா? பிரிச்சு விட்டா பள்ளிக்கூடம் போற வரைக்கும் வரும் போலிருக்கே” என்றாள்.

வரட்டும்.