ஏர்வாடி எந்திரிச்சிருச்சு மச்சான்

மச்சான்,

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது போன் அதிர்ந்தது. "பாம்பன் எந்திரிச்சிருச்சு மச்சான். அடுத்தத எழுப்பு." உன் பெயர் அதில் இல்லை. ஆனால் உன்னைத் தவிர யாரும் அப்படி எழுதமாட்டார்கள். ஏர்வாடி மையவாடியில் உன்னை அடக்கம் செய்தபோது மூன்று பிடி மண் போட்ட கை இது. அதே கையில் உன் வார்த்தை வந்து நின்றதும் இட்லியைத் தட்டிலேயே போட்டுவிட்டேன்.

இந்தச் சேதி வரும் என்று தெரிந்தும் ஒரு நொடி ஏமாந்துபோனேன். கம்பெனியின் தேடல் மென்பொருளைப் புது வெர்சனுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். நம் இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் இத்தனை வருடக் காகிதங்களில் எதைக் கேட்டாலும் தேடிக் கொடுப்பது அதுதான். மூன்று சர்வர்களில், கன்டெய்னர் என்று நாம் சொல்லும் மென்பொருள் பொட்டலங்களாக ஓடுகிறது. பாம்பன், ஏர்வாடி, சாயல்குடி என்று அவற்றுக்குப் பெயர் வைத்தவன் நீ. ஒன்றை நிறுத்திப் புதுசாக்கி, அது எழுந்து மற்ற இரண்டோடு சேர்ந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். அவசரப்பட்டால் மொத்தமும் படுத்துவிடும். ஒவ்வொன்றும் எழுந்ததும் சேதி அனுப்ப நீ எழுதி வைத்த சின்ன ஸ்கிரிப்ட், நீ போன பிறகும் அங்கேயே கிடந்தது.

நீ ஏர்வாடியில், நான் சாயல்குடியில், இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. அப்கிரேடு என்றால் ரெண்டு பேரும் உட்கார வேண்டும் என்பது உன் சட்டம். "ரெண்டு ஊருலயும் ஒண்ணா கரண்டு போகாதுல" என்பாய். என் வீட்டில் ஃபேன் நின்ற உடனே உன் போன் வரும். "அங்கன போயிருச்சா? நீ போயி சாப்பிடு. நான் பாத்துக்கிறேன்." உன் உம்மாவோ, கன்டெய்னர் என்று நாம் பேசுவதைக் கேட்டு, ஆபீஸ் போகும் நாளில் நாம் தூத்துக்குடி ஹார்பரில் பெட்டி ஏற்றுகிறோம் என்று நம்பி, "வெயில்ல நிக்காதீங்கப்பா" என்று எனக்கும் சேர்த்துச் சொல்வார்.

உன் இடத்தில் இப்போது ராமநாதபுரத்துப் பெண் ஒருத்தி வேலை பார்க்கிறாள். கெட்டிக்காரி. "மூணும் மாறினதும் இந்தப் பழைய ஸ்கிரிப்ட் ஓடாதுண்ணே. தூக்கிரவா?" என்று கேட்டாள். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவும் சொல்லவில்லை. மூன்று சேதி வரும், அதோடு நீ பேசமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். அதைத் தனியாக இருந்து கேட்க ஆசைப்பட்டேன்.

இரண்டாவது சேதி வந்தது. "ஏர்வாடி எந்திரிச்சிருச்சு மச்சான்."

அதைப் படித்துவிட்டு, ஏர்வாடியிலிருந்து நீயே எழுந்து வருகிறாயோ என்று ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தேன். பார்த்தது பைத்தியக்காரத்தனம்தான்.

சாயல்குடி சர்வரைத் தொடங்கிவிட்ட நேரம் பார்த்து என் வீட்டில் கரண்டு போனது. நெட்டும் போனது. நடுவழியில் அது என்ன ஆனது என்று பார்க்க வழியில்லை. மறுநாள் காலையில் ஆபீஸ் ஆட்கள் தேடினால் ஒன்றும் கிடைக்காது என்ற நினைப்பில், சிக்னல் ஒரு கோட்டில் நின்ற போனைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். அப்போது அது அதிர்ந்தது.

"சாயல்குடியும் எந்திரிச்சிருச்சு. மூணும் சேந்துருச்சு. நீ போயி சாப்பிடு மச்சான். நான் பாத்துக்கிறேன்."

"ஏலே, எப்பிடிலே பாத்துக்கிருவ?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி என் தட்டில் இன்னொரு கரண்டி சட்னி ஊற்றிவிட்டுப் போனாள். ஆறிப்போன இட்லியை அழுதுகொண்டே தின்றேன். கரண்டு வந்ததும் ஸ்கிரிப்டைத் தூக்கினேன். இப்போது வரும் சேதியில் சர்வரின் பெயரும் ஒரு பச்சைப் புள்ளியும் மட்டும்தான். பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது.

போன வாரம் ஒரு சின்னத் திருத்தத்துக்கு நானும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்தோம். பாதியில் அவள் பக்கம் ஆளைக் காணோம். போன் போட்டேன். "கரண்டு போயிருச்சுண்ணே, என்ன செய்யன்னு தெரியல" என்று பதறினாள்.

"நீ போயி சாப்பிடும்மா. நான் பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டுத் திடுக்கிட்டுப் போனேன். அந்த இழுப்பு என்னுடையது இல்லை, மச்சான். உன்னைப் பார்த்தே இராத அந்தப் பெண், "சரிண்ணே" என்று நிம்மதியாகப் போனை வைத்தாள்.