மீட்டருக்கு வைத்த வெள்ளி

சிவதாபுரம்
12.1.2025

சின்னு,

அக்கா எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, சிரிக்காமல் படி. நீ போய் நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. எல்லோரும் அழுது முடித்துவிட்டார்கள். எனக்குத்தான் உன்னோடு பேசி முடியவில்லை.

என்னோடு பார்த்த கொலுசுப் பட்டறை வேலையை விட்டுவிட்டு, கரண்டு அளக்கிற பழைய மீட்டர் ரிப்பேர் பார்க்கிறேன் என்று நீ எடப்பாடியில் ரூம் எடுத்தாய் அல்லவா, அன்றைக்கு நான், "போறவன் போயிக்க. இனி இந்த ஊட்டுப் பக்கம் வராதே" என்றேன். மறுநாளே வந்து நிற்பாய் என்று நினைத்துத்தான் சொன்னேன். ஒரு வருஷமும் இரண்டு மாதமும் நீ வரவில்லை. அப்புறம் மாரடைப்பு என்று போன்தான் வந்தது. முப்பத்தாறு வயசில்.

நேற்று உன் ரூமைக் காலி பண்ணப் போனேன். மேசை மேல் ஒரே ஒரு மீட்டர் பிரித்தபடி கிடந்தது. கறுப்புப் பெட்டி, தோல் பிடி, கையகலக் கண்ணாடிக்குள் முள். திருகாணிகளை ஒரு டம்ளரில் போட்டு வைத்திருந்தாய். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் சொந்தக்காரர் வந்துவிட்டார். தறி மோட்டார்களுக்குக் கம்பி சுற்றி காயில் கட்டுகிற அப்புசாமி.

"முப்பது வருசமா என்ற மோட்டாருக்கெல்லாம் இதுதான் அம்மிணி நாடி பாக்கறது. குமிழைத் திருப்புனா முள்ளு துள்ளுதுன்னு தம்பிகிட்டக் குடுத்தேன். செரி, உடு. நான் கோயமுத்தூர்ல பாத்துக்கறேன்."

"எங்க தம்பி வாங்குன வேலையை நாங்களே முடிச்சுத் தாரமுங்க."

"ஆரு முடிக்கறது?"

"நான்தானுங்க."

என் விரலில் இருந்த சூட்டுத் தழும்புகளைப் பார்த்தார். "இது கொலுசில்லீங்க அம்மிணி" என்றார். ஆனாலும் ஏனோ, மாசி அமாவாசை வரைக்கும் விட்டுவைக்கிறேன் என்று போனார்.

சொன்ன சொல்லைத் திருப்பி வாங்க எனக்கு வழியில்லை சின்னு. நீ கையேற்ற வேலை பாதியில் திரும்பிப் போகக் கூடாது. அது ஒன்றுதான் என்னால் முடியும்.

உன் அக்கா
வசந்தாமணி


22.1.2025

சின்னு,

திட்டாதே. கெடுத்துவிட்டேன்.

குமிழுக்குப் பின்னால் வட்டமாகப் பழுப்பு அட்டை இருக்கிறது. அதைச் சுற்றி மெல்லிசாகத் தகட்டுக் கால்கள். குமிழைத் திருப்பினால் நடுவில் ஒரு நாக்கு சுற்றி வந்து ஒவ்வொரு காலாகத் தொடுகிறது. கால்களின் நுனியெல்லாம் கறுத்திருந்தது. கறுத்த வெள்ளி எனக்குத் தெரியாததா? பூந்திக்கொட்டையை ஊற வைத்து, நுரை வர, கொலுசு கழுவுகிற பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தேன். பட்டறையில் பக்கத்து இருக்கை சௌந்திரம், "என்னக்கா, மீட்டருக்குச் சீர் செய்யறாப்பல இருக்குது" என்று கேலி செய்தாள். நுனியெல்லாம் பளபளவென்று ஆனது. எனக்கு ஒரே பெருமை.

மாட்டிப் பார்த்தால், எதையும் தொடாமலே முள் எழுந்து நிற்கிறது.

அப்புசாமி அண்ணனிடம் போய் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அந்த அட்டை தண்ணியக் குடிக்கும் அம்மிணி. இப்ப ஈரத்துல கரண்டு நடந்து போகுது. தண்ணி வார்த்த கையோட சாம்பிராணியும் போட்டியா?" என்றார். மெல்லிய துணி மூடி வெயிலில் வைக்கச் சொன்னார்.

மொட்டை மாடியில் வைத்துவிட்டு, காக்காய் தள்ளிவிடாமல் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பக்கத்திலேயே இருந்தேன். டப்பா நோண்டுற வேலை என்று உன்னை ஏசினேனே. இதில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு நாள் உன் மேசைப் பக்கம் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

வசந்தாமணி


9.2.2025

சின்னு,

அட்டை காய்ந்துவிட்டது, முள் படுத்துவிட்டது. ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் குமிழைத் திருப்பினால் இன்னும் துள்ளுகிறது. பட்டறையின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மூன்றாவது காலின் நுனியில் வெள்ளியே இல்லை. தேய்ந்து தேய்ந்து பள்ளமாகி, அடித்தகடு மஞ்சளாகத் தெரிகிறது. அந்த மனுஷன் முப்பது வருஷமும் அந்த ஒரே இடத்தில்தான் மோட்டார் பார்த்திருக்கிறார்.

தேய்ந்த வெள்ளிக்கு மேல் வெள்ளி வைப்பதை இருபத்தாறு வருஷமாகச் செய்கிறேன்.

அட்டையோடு வைத்துத் தீயை ஊதினால் அட்டை கருகும். அதனால் காலைப் பிடித்திருந்த ஆணியை ராவி, காலைத் தனியே எடுத்தேன். அதை அப்படியே நெருப்பில் காட்டினாலும் ஆகாது. சூடு ஏறினால் தகடு தன் விறைப்பை விட்டுவிடும், அப்புறம் நாக்கை அழுத்திப் பிடிக்காது. கொலுசில் கல் இருந்தால் நாம் என்ன செய்வோம்? அதையே செய்தேன். சூடு ஏறாமல் இருக்க ஓர் உருளைக்கிழங்கைக் கீறி, தகட்டை உள்ளே செருகி, நுனியை மட்டும் வெளியே விட்டேன். வெங்காரம் தடவி, ஒட்டுவதற்குப் பற்றுப்பொடி வைத்து, அரிசியில் பாதி அளவுக்கு வெள்ளியை உட்கார வைத்து ஊதினேன். ஒரு மூச்சில் ஓடிப் பிடித்துக்கொண்டது. கிழங்கு வெந்த வாசனைக்குச் சௌந்திரம், "உப்பு எடுத்தாரட்டுமா?" என்றாள். நீ போன பிறகு அன்றைக்குத்தான் நான் சிரித்தேன்.

அரம் போட்டு, மெருகு போட்டு, வெள்ளிக் கம்பியிலேயே ஆணி அடித்து மாட்டிவிட்டேன். திருப்பினேன். முள் துள்ளவில்லை. நம்ப முடியாமல் பேட்டரியை மாற்றி மாற்றி வைத்து, விரல் வலிக்கும் வரைக்கும் திருப்பினேன்.

வசந்தாமணி


28.2.2025

சின்னு,

நேற்று அமாவாசை. பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு எடப்பாடிக்குப் பஸ் ஏறினேன். அப்புசாமி அண்ணன் ஒரு மோட்டாரை மேசையில் தூக்கி வைத்து ஒயரைப் பிடித்தார். குமிழை முன்னும் பின்னும் இருபது தடவையாவது திருப்பியிருப்பார். உன் பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிவு பார்க்க நின்ற மாதிரி நின்றேன். முள் அசையாமல் நின்றது.

"செரியாத்தான் சொல்லியிருக்கறான்" என்றார்.

"ஆருங்க?"

"உன்ற தம்பிதான். கார்த்திகையில இதைப் பிரிச்சுப் பாத்துப்போட்டு, இதுக்குக் கடையில சாமான் கெடைக்காதுங்க, வெள்ளி வெச்சு ஊதோணும், அந்தக் கை எங்க அக்காளுக்குத்தான் இருக்குதுன்னான். நேர்ல எடுத்துட்டுப் போயிக் கேட்டுட்டு வாரேன்னு சொன்னான்."

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதுங்களாண்ணா?"

"நீ இருந்த நெலமையில சொன்னா, அழுதுட்டே ஊதிக் கெடுத்துப்போடுவீன்னு பயந்தேன் அம்மிணி" என்று சொல்லி, மேசைக்கடியிலிருந்து இன்னொரு மீட்டரை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதுக்கும் அதே நோவுதான். தண்ணி மட்டும் காட்டிப்போடாதே."

வாங்கிக்கொண்டேன். உன் ரூம் சாவியையும் ரூம் சொந்தக்காரரிடம் திருப்பித் தரவில்லை. பட்டறை விடுமுறை நாளில் வந்து திறக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கே பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு மறுபடி பஸ் ஏறி வந்து, உன் மேசையிலேயே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நல்ல வெளிச்சமாக இருக்கிறது.

நீ கோபமாக இல்லை என்று தெரிந்தது போதும். ஆனாலும் பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஒன்று மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் கறி எடுத்திருப்பேன், வெள்ளிக்கிழமை என்றால் பருப்பு கடைந்திருப்பேன். எந்தக் கிழமை வருவதாக இருந்தாய், சின்னு?