வாசலுக்கு வரும் பஸ்

செவ்வாய், ராத்திரி.

மகள் செல்வி வேறு காலேஜுக்கு மாற வேண்டும் என்கிறாள். இப்போது படிக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் பாடத்துக்கு வாத்தியாரே இல்லை. அவள் கேட்கும் காலேஜுக்கு ஆவடி போய் ரயில் ஏற வேண்டும். அவள் அப்பாவோ காலையில் எங்கள் வெள்ளானூர் முனையில் நின்று, எந்தெந்தக் காலேஜ் பஸ் வருகிறது என்று பார்த்துவிட்டு வந்தார். மஞ்சள் பஸ்ஸில் சீட்டு மெத்தென்று இருக்கிறதாம். டிரைவரோடு டீயும் குடித்திருக்கிறார்.

"டிரெயின்ல தொங்கிகினு போவ வேணாம். ஊட்டாண்ட பஸ்ஸு வர்ற காலேஜுல சேரு."

"படிக்கப் போறது நானா, பஸ்ஸா நைனா?"

"நீ இன்னாடி சொல்ற?" என்று அவர் என்னைக் கேட்டார். செல்வியும் என்னையே பார்த்தாள்.

"தோசை ஆறுது" என்றேன்.

அவள் தட்டை நகர்த்திவிட்டுப் படுத்துவிட்டாள். விடிந்தால் பழைய காலேஜ் பஸ்ஸே முனையில் ஹாரன் அடிக்கும். அவளை எழுப்ப வேண்டியவள் நான்தான்.