எஞ்சினுக்குக் கீழே

பாசிர் பெனம்பாங்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள விஷாலினி அண்ணிக்கு,

வணக்கம். ஜொகூரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் எண்களையெல்லாம் பிளாக் செய்துவிட்டீர்கள். அதில் தப்பில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். முகவரியை உங்கள் தோழி திலகாவிடம் பிடுங்கி வாங்கினேன், அவளைத் திட்டாதீர்கள். இதைக் கிழித்துப் போடுவதென்றால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

ரவாங் தொழிற்சாலையில் எனக்கு வேலை போய்விட்டது. கான்ட்ராக்ட் முடிந்தது என்று மெசேஜில் ஒரு வரி. முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூட ஆள் இல்லை. அண்ணனுடைய போட்டைச் சரிசெய்து, தூண்டில் போட வருகிறவர்களை ஏற்றிப் பிழைக்கலாம் என்று இறங்கினேன். போட்டைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. யூடியூப்தான் வாத்தியார். எஞ்சின் கடை தேவதாஸ், நீ போட் ஓட்டினா மீனெல்லாம் கரைக்கு வந்து வேடிக்கை பார்க்கும் லா என்றார். பார்க்கட்டும், டிக்கெட் போடுகிறேன் என்றேன்.

போட் கிடந்த இடம் உங்களுக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் சுங்கை செம்பிலாங் பக்கம் அண்ணன் இல்லாமல் தனியாக மிதந்ததை, மீனவர்கள் கட்டி இழுத்து வந்து நம் வீட்டுக்குப் பின்னால் விட்டார்களே, அங்கேயேதான். பின்பக்கம் முழுக்கச் சேற்றில் புதைந்துவிட்டது. அம்மா யாரையும் தொட விடவில்லை. கோகிலன் வந்தால் வழக்கமாகக் கட்டுகிற இடத்தில்தான் தேடுவான் என்பார். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் முழங்கால் சேற்றில் நின்று எஞ்சின் மூடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினோம். முதல் வருடம் நீங்கள்தான் தட்டைப் பிடித்தீர்கள்.

ஆற்றில் தண்ணீர் ஏறும்போது எஞ்சின் சத்தம் கேட்கிறது என்று அம்மா சொல்வார். நான் நம்பியதில்லை. ஆனால் வேலையை ஆரம்பித்த பிறகு, நான் கால் வைப்பதற்கு முன்பே போட் ஒரு பக்கம் சாய்ந்துகொடுத்தது, உள்ளே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருப்பதுபோல. சேறு இளகுகிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு சுரண்டினேன்.

அம்மா பத்தாங் காலிக்கு, பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்த வாரம், பின்பக்கச் சேற்றைத் தோண்டி எஞ்சினைத் தூக்கினேன். தண்ணீரைத் தள்ளும் விசிறியைச் சுற்றி நைலான் வலை பந்துபோல இறுகியிருந்தது. அதற்குள் ஒரு கத்தி, பாதி அறுத்தபடி. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய கத்தி. பிடியில் அம்மா சுற்றிய சைக்கிள் டியூப் அப்படியே இருந்தது. யாரோ இப்போதுதான் கையை எடுத்ததுபோல.

அண்ணி, அண்ணன் உங்களை விட்டு ஓடிப்போகவில்லை. வலை சிக்கி எஞ்சின் நின்றிருக்கிறது. பின்னால் குனிந்து அறுத்திருக்கிறார்.

புகார் எழுதின போலீஸ்காரர் கடன் இருந்ததா, வேறு பொம்பளை இருந்ததா என்று கேட்டார். எஞ்சினைத் தூக்கிப் பார்க்க ஒருவருக்கும் கை வரவில்லை. காணாமல் போனது டத்தோ பட்டம் வாங்கிய ஒருவரின் மகனாக இருந்தால் ஆற்றையே இறைத்திருப்பார்கள். அவர்களை மட்டும் திட்ட வழியில்லை. மூடிக்குப் பொட்டு வைத்த நாங்களும் கீழே பார்க்கவில்லை. பார்க்காமலே, உன் வாய் தாங்காமல்தான் ஓடினான் என்று அம்மா உங்களைத் தெருவில் வைத்துச் சொன்னார்.

கத்தியை அம்மாவிடம் காட்டினேன். அழவில்லை. சேற்றைக் கழுவக்கூட விடவில்லை. விஷாலினிக்குச் சொல்லிட்டியா என்று மட்டும் கேட்டார். இப்போதெல்லாம் அண்ணனுக்குச் சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைப்பதில்லை. எஞ்சின் சத்தமும் கேட்பதில்லையாம். எனக்குத்தான் கேட்கிறது.

வேலையை நான் நிறுத்தவில்லை. பலகை காய்ந்திருக்கும்போதே இடுக்கையெல்லாம் இறுக்கி அடைத்தேன், தண்ணீரில் விட்டதும் மரம் ஊதி ஒரு பலகை பிளந்தது. தேவதாஸ் சிரிக்கவில்லை. வந்து பலகை பிடித்துக் கொடுத்தார். இப்போது மிதக்கிறது.

உடல் இல்லாததால் தர்ப்பையில் உருவம் செய்து எரித்துத்தான் காரியம் செய்ய வேண்டுமாம். ஐயர் ஆண் வாரிசு கேட்டார். நான் இருக்கிறேன் என்றேன், முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். சாம்பலை இதே போட்டில் ஆற்று முகத்துக்குக் கொண்டுபோவேன். உங்கள் தாலியையும் வளையலையும் பற்றி யாராவது வாயைத் திறந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். இனி அது உங்கள் விருப்பம்.

நாள் இன்னும் குறிக்கவில்லை. நீங்கள் சொல்லாமல் குறிக்கக் கூடாது என்கிறார் அம்மா. உங்களிடம் ஏதோ பேச வேண்டுமாம். என்ன என்று கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார்.

மன்னிக்க வேண்டாம் அண்ணி. கோபத்தோடேயே வாருங்கள்.

உங்கள் நாத்தனார்,
துளசி