மரியாதைக்கு இருபது மதிப்பெண்

10-6-1968, திங்கள்

பள்ளி திறந்து ஒரு வாரம். தலைமையாசிரியர் அழகுசுந்தரம் கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளைகளின் ஒழுக்கத்தை வளர்க்க ஒரு திட்டம் வேண்டுமாம். மேலிடத்துச் சுற்றறிக்கை. ஒழுக்கம் ஏன் டிரில் மாஸ்டர் தலையில் விழுகிறது என்று கேட்டேன். மற்றவர்களுக்குப் பாடம் இருக்கிறது என்றார்.

மூன்று வருடமாகத் தற்காலிக வேலையில் இருப்பவன் அதற்கு மேல் கேட்கக் கூடாது. என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு தாளாளர் முத்துராமன் வீட்டு மேசையில் கையெழுத்துக்காகக் கிடக்கிறது. போன தீபாவளிக்கு முன்பிருந்து கிடக்கிறது.

சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். உடற்பயிற்சிக்கு நாற்பது மதிப்பெண். தினமும் மைதானத்தை ஐந்து சுற்று. தொண்டுக்கு நாற்பது. சனிக்கிழமைதோறும் ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலை வெட்டிச் சீராக்குவது. மரியாதைக்கு இருபது. பள்ளி வளாகத்தில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் மாணவர்கள் கைகூப்பி வணக்கம் சொல்ல வேண்டும். வகுப்புத் தலைவன் நோட்டில் குறித்து வர வேண்டும்.

படித்துப் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை.

12-6-1968

முதல் ஓட்டம். மூன்றாம் சுற்றில் இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். முன்மாதிரியாக நானும் ஓடினேன். ஐந்தாம் சுற்று முடிந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

14-6-1968

வணக்கம் அளவு மீறிப் போகிறது. தலைமையாசிரியர் தம் அறையிலிருந்து கழிப்பறைக்குப் போய் வருவதற்குள் நாற்பத்தாறு வணக்கம் வாங்கினாராம். தமிழாசிரியர் இரண்டு கையிலும் புத்தகக் கட்டை வைத்துக்கொண்டு நடக்கிறார். பதில் வணக்கத்திலிருந்து தப்பிக்கும் வழி.

பத்தாம் வகுப்புத் தலைவன் சேதுபதி நோட்டோடு வந்தான். தாளாளரின் மகன். பையன்கள் ஒரு சந்தேகம் கேட்கிறார்களாம்.

"சோணையும் பெரியவருதான சார்? அவருக்கு வச்சா மார்க்கு உண்டா?"

சோணை எங்கள் பியூன். மணி அடிப்பது, கூட்டுவது, கடிதம் கொண்டுபோவது எல்லாம் அவன்தான். வயது நாற்பத்தைந்துக்குக் குறையாது. என்னைவிடப் பதினைந்து வருடம் மூத்தவன். ஊருக்குள் பெரிய வீட்டுத் தெருக்களில் வரும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வான். இந்த ஊரில் அவனை 'வாடா போடா' என்று சொல்லாத பையன் கிடையாது. நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவனும் வருகிறான்.

பெரியவர்கள் எல்லோரும் என்று எழுதியபோது சோணை என் நினைப்பிலேயே இல்லை. இருந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

கேட்டுச் சொல்கிறேன் என்று சேதுபதியை அனுப்பிவிட்டேன். யாரைக் கேட்பது?

17-6-1968

தலைமையாசிரியரைக் கேட்டேன். "எல்லோருக்கும்னு எழுதினது நீர்தானே?" என்றார். பிறகு காப்பி குடித்தார். முழுவதும் குடித்து முடிக்கும் வரை நின்றேன்.

கூடாது என்று யாரும் சொல்லாததால் பையன்கள் ஆகும் என்று வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் சோணை மணி அடிக்கப் போனபோது முப்பத்தைந்து பேர் வரிசையாக நின்று கும்பிட்டிருக்கிறார்கள். தண்டவாளத் துண்டில் அடிக்கும் சுத்தியலை அவன் கால்மேல் போட்டுக்கொண்டான். மணி இரண்டு நிமிடம் தாமதம். விளக்கம் கேட்டு அவனுக்கு மெமோ. 'கால் வலி' என்று எழுதிக் கொடுத்தானாம். காரணம் நான் என்று அவன் எழுதவில்லை. நானும் போய்ச் சொல்லவில்லை.

19-6-1968

சோணை பின்பக்க வேலியைத் தாண்டி வருகிறான், வணக்கத்துக்குப் பயந்து. மதிப்பெண் வேண்டியவர்கள் வேலிப் பக்கம் போய் நிற்கிறார்கள்.

22-6-1968, சனி

வரத்துக்கால் வேலை தொடங்கியது. இருபத்திரண்டு பையன்கள், ஒன்பது மண்வெட்டி. என் உள்ளங்கையில் நாலு கொப்புளம். மனைவி புஷ்பவள்ளி விளக்கெண்ணெய் தடவிவிட்டாள். "வெவசாயக் குடும்பத்துல பொறந்த கையா இது?" என்றாள். சொந்த ஊர் மானகிரியில் எங்கள் வயலில் வெட்டியதெல்லாம் கூலியாட்கள். அதை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

6-7-1968, சனி

மூன்றாவது சனிக்கிழமை. அறுபது அடி நீளம் வெட்டியாகிவிட்டது. குடிதண்ணீர்ப் பானை கொண்டுவந்த சோணை கரையில் நின்று பார்த்தான். போகவில்லை. என்னடா என்றேன்.

"ஒண்ணுமில்ல சார். தண்ணி இங்குட்டு ஏறாது. மேட்டப் பாத்து வெட்டிருக்கீக."

பையன்கள் என்னைப் பார்த்தார்கள். நான் வரத்துக்காலைப் பார்த்தேன். தெரியாதவனுக்கே தெரியும்படியான மேடு. மூன்று வாரம் அது எப்படி என் கண்ணில் படவில்லை என்று புரியவில்லை.

சோணை ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினான். அது ஓடின பக்கம் குச்சியை நட்டுக்கொண்டே போனான். மண்வெட்டியை எப்படிப் பிடித்தால் கொப்புளம் வராது என்றும் காட்டினான். பையன்களுக்குத்தான் காட்டினான். நானும் பார்த்துக்கொண்டேன்.

20-7-1968, சனி

சனிக்கிழமைகளில் இனி சோணைதான் மேஸ்திரி. யாரும் நியமிக்கவில்லை. பையன்கள் 'சோணையண்ணே' என்கிறார்கள். சேதுபதி அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதே செம்பில் தண்ணீர் குடிக்கிறான்.

ஒன்று கவனித்தேன். சனிக்கிழமைகளில் யாரும் மரியாதை நோட்டைக் கொண்டு வருவதில்லை.

16-8-1968

நேற்று கொடியேற்றம் நல்லபடி முடிந்தது. இன்று வினை.

காலையில் சோணை ஒரு கடிதத்தோடு தாளாளர் வீட்டுக்குப் போயிருக்கிறான். முகப்பில் தாளாளரும் கொத்தமங்கலத்திலிருந்து வந்த சம்பந்தி வீட்டாரும் இருந்திருக்கிறார்கள். சோணை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றானாம். சேதுபதி நாற்காலியை விட்டு எழுந்து, கைகூப்பி, "வாங்கண்ணே, உக்காருங்க" என்றானாம். அத்தனை பேர் முன்னால்.

சோணை கடிதத்தைக் கொடுக்காமலே திரும்பி வந்துவிட்டான். அதைக் கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றான்.

"நா என்ன சார் தப்புப் பண்ணேன்? அந்தப் புள்ள மேலயும் தப்பில்ல. ஆனா அடி விழுந்தா எங்க தெருவுலதான சார் விழும்."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எனக்கு அப்போது வாயில் வந்தது அதுதான்.

19-8-1968

தாளாளர் கூப்பிட்டார். நாற்காலி கொடுத்தார். காப்பியும் வந்தது. என் உத்தரவு மேசைமேல் இருந்தது. இந்தத் தடவை பேனாவும் பக்கத்தில் இருந்தது.

கோபப்படவில்லை அவர். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஓட்டத்தைப் பாராட்டினார், பையனுக்குத் தொந்தி குறைந்ததைச் சொன்னார், ஊருணிக்குப் பள்ளி செய்யும் தொண்டு ஊருக்கே பெருமை என்றார். பிறகு சொன்னார்.

"மரியாத வேணும் வாத்தியாரே. வேணாம்னு ஆரு சொன்னது? ஆனா ஆருக்குன்னு ஒண்ணு இருக்குல்ல. ஒரு வரி வெவரமா எழுதி ஒட்டிருங்க. அந்தச் சோணையும் நிம்மதியா வேலையப் பாப்பான்."

கடைசி வாக்கியத்துக்கு அர்த்தம் என்ன என்று நான் கேட்கவில்லை. காப்பியை முழுதும் குடித்தேன்.

20-8-1968

எழுதினேன். 'பெரியவர்கள் என்பது ஆசிரியர்களையும் அலுவலக எழுத்தரையும் மட்டுமே குறிக்கும். பொன்னழகு, உடற்பயிற்சி ஆசிரியர்.'

எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது பியூன் வேலை.

சோணை பசைக் கிண்ணத்தோடு வந்து வாங்கிக்கொண்டான். மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். எழுத்துக் கூட்டிப் படித்தான், முழுவதும். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எழுத்து நல்லா இருக்கு சார்" என்றான்.

கோணாமல், நாலு மூலையிலும் பசை தடவி, நேராக ஒட்டியிருந்தான்.

23-8-1968

உத்தரவு வந்துவிட்டது. நிரந்தரம். புஷ்பவள்ளி கந்தரப்பம் சுட்டாள். நாலு தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

24-8-1968, சனி

சோணை வரவில்லை. தோள் வலியாம்.

சேதுபதி கேட்டான். "அது நீங்களாவே எழுதினதா சார்?"

அவன் அப்பா சொல்லி எழுதியது என்று சொல்லியிருக்கலாம். கை என்னுடையதுதானே. ஆமாம் என்றேன். அவன் மரியாதை நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். எடுத்தெறிந்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் தண்டனை கொடுத்திருப்பேன்.

2-9-1968

பையன்கள் சோணைக்கு இன்னும் வணக்கம் வைக்கிறார்கள். இப்போது வரிசை இல்லை, கூச்சல் இல்லை. அவன் மணி அடித்து முடிக்கும் வரை காத்திருந்து, போகிறபோக்கில் வைக்கிறார்கள். அவன் வேலி தாண்டி வருவதை நிறுத்திவிட்டான். லேசாகத் தலையை அசைக்கிறான். பள்ளிச் சுவருக்கு வெளியே யாரும் வைப்பதில்லை. அவனுக்கு ஆபத்து வராமல் அவர்களே ஏதோ பேசி வைத்திருக்கிறார்கள்.

எனக்கும் வைக்கிறார்கள். அதே குனிவு, அதே கை. எனக்கு வைத்தால் மதிப்பெண் உண்டு. அவனுக்கு வைத்தால் கிடையாது.

தூக்கம் சரியாக இல்லை. புழுக்கம் என்று புஷ்பவள்ளியிடம் சொன்னேன்.

14-9-1968, சனி

சோணை மண்வெட்டியோடு வந்தான். பையன்கள் போய்க் கூப்பிட்டார்களாம். என்னிடம், "மழைக்கு முந்தி முடிக்கணும் சார்" என்றான்.

5-10-1968, சனி

வரத்துக்கால் முடிந்தது. நான் இப்போது மைதானத்தை ஏழு சுற்று ஓடுகிறேன். வாந்தி இல்லை. திட்டத்தால் உடம்பு தேறியது எனக்குத்தான் போலிருக்கிறது.

21-10-1968

ராத்திரி முழுக்க மழை. விடிந்ததும் ஊரே ஊருணிக் கரையில். செம்மண் நிறத்தில் தண்ணீர், சோணை குச்சி நட்ட வழியிலேயே வந்து விழுந்தது. ஒரு இடத்தில்கூடத் தேங்கவில்லை. தாளாளர் குடையோடு வந்து என் தோளில் தட்டினார். சோணை எதிர்க்கரைப் புளியமரத்தடியில் தனியாக நின்றான். அங்குட்டுப் போகலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன்.

நினைத்ததோடு சரி.

12-11-1968, செவ்வாய்

கல்வி அதிகாரி வந்தார். மேடை, சோடா, மாலை. நம் ஒழுக்கத் திட்டத்தை மற்றப் பள்ளிகளுக்கும் சொல்லப் போகிறாராம். ஊருணியைப் பார்த்துவிட்டு வந்தவர் ஒரு கேள்வி கேட்டார். தண்ணீர் ஓடும் வாட்டம் பார்த்து இவ்வளவு சுத்தமாக வெட்டச் சொல்லிக்கொடுத்தது யார்?

தலைமையாசிரியர் என்னைக் காட்டினார். கைதட்டல். கீழே பத்தாம் வகுப்பு வரிசையில் யாரும் தட்டவில்லை. சேதுபதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முறைக்கவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தான் என்று நினைக்கிறேன். இன்னும் காத்திருந்தான், அதுதான்.

எழுந்தேன். வணக்கம் வைத்தேன். உட்கார்ந்தேன்.

மாலைத் தட்டை மேடையில் ஏந்தி நின்றது சோணை. அதிகாரி அதிலிருந்து எடுத்து என் கழுத்தில் போட்டார். சம்பங்கி மாலை. வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, ஓய்வறை ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

13-11-1968, புதன்

மணி அடிக்க அரை மணி நேரம் இருக்கும்போதே பள்ளிக்குப் போனேன். அறிவிப்புப் பலகையில் இருந்த என் காகிதத்தைக் கிழித்தேன். லேசில் வரவில்லை. நாலு மூலையிலும் நல்ல பசை. பிளேடு வைத்துச் சுரண்ட வேண்டியிருந்தது. பையன்கள் ஒவ்வொருவராக வந்து நின்று பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் தாளாளருக்குச் செய்தி போய்விடும் என்று தெரியும். வேலை நிரந்தரமான பிறகுதான் இந்தத் தைரியம் வந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

கல்வி அதிகாரிக்கும் ஒரு கடிதம் எழுதி, தபால்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். வாட்டம் பார்த்தவர் பெயர் சோணை, இந்தப் பள்ளியின் பியூன். இரண்டே வரி.

சுரண்டி முடிக்கும்போது அவர் மணி அடிக்க வந்தார். கையில் சுத்தியல். சுரண்டிய இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிளேடைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கைகூப்பினேன். "வணக்கம் சோணையண்ணே" என்றேன்.

அவர் திரும்பித் தம் பின்னால் பார்த்தார், யாருக்கு வைக்கிறேன் என்று. பின்னால் யாரும் இல்லை.

சுத்தியலைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார். "வணக்கம் சார்" என்றார். இருவரும் அப்படியே நின்றுவிட்டோம்.

மணி நாலு நிமிடம் தாமதம். தலைமையாசிரியர் அவருக்கு அனுப்பிய மெமோவை நான் கேட்டு வாங்கினேன். காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.