விபத்துப் பதிவேட்டில் என் பெயர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ ‘ம், ம்’ என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பது எனக்குக் கேட்கிறது.

பண்ணையில் கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை இருபத்து மூன்று பேர் பண்ணையைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். ஒரு மனிதர், ‘ஏணியில் ஏறக் கூடாது’ என்ற பலகையின் மேலேயே ஏணியைச் சாத்திக் கொய்யா பறித்தார். அவரை இறக்கி, பலகையை உரக்கப் படிக்கச் சொன்னேன். கான்வென்ட்டில் சிஸ்டர் எங்களைப் படிக்க வைத்த மாதிரியே படித்தார். “வீட்லயும் இப்படி ஒரு பலகை மாட்டணும்” என்று அவர் மனைவி சிரித்த சிரிப்பில் வாத்துகள் மிரண்டு ஓடின.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வருகிறவர்கள் விழுந்தாலோ, ஆடு முட்டினாலோ ஈடு கொடுக்க இன்சூரன்ஸ் வேண்டும். அது இல்லாமல் ஒருவரையும் கேட்டுக்குள் விட முடியாது. அந்தப் பாலிசி இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கும் முன் பார்வையிட ஒரு பெண் அதிகாரி வந்தாள். வேலி, கை கழுவும் தொட்டி, முதலுதவிப் பெட்டி எல்லாம் பார்த்துவிட்டு, “இவ்வளவு சுத்தமா நான் எங்கயும் பார்த்ததில்லம்மா” என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு விபத்துப் பதிவேட்டைக் கேட்டாள்.

உன்னிடம் ஒன்று சொல்லாமல் விட்டேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தண்ணீர்த் தொட்டியருகே வழுக்கி விழுந்தேன். இடுப்பில் அடி, முறிவு இல்லை. சொன்னால் ‘வித்துடும்மா’ என்று ஆரம்பிப்பாய். பண்ணையில் யார் விழுந்தாலும் அன்றே பதிய வேண்டும் என்பது விதி. யார் என்பதில் நானும் உண்டு. எழுதினேன். விழுந்தது காலை மணி ஒன்பது பத்து. எழுந்தது பதினொன்று நாற்பது. பார்த்தவர்: இல்லை. உதவிக்கு வந்தவர்: இல்லை.

அவள் இரண்டு முறை படித்துவிட்டு, “ரெண்டரை மணி நேரமாம்மா?” என்று கேட்டாள். கையில் கடிகாரம் இருந்தது, நேரம் சரிதான் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வாரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. என்னைத் தவிர வயது வந்த இன்னொருவரும் பண்ணையிலேயே குடியிருந்தால்தான் பாலிசியாம். ஏஜென்ட் தலையில் அடித்துக்கொண்டார். “நீங்க விழுந்தது உங்களுக்கும் ஆட்டுக்கும்தானே தெரியும்? எழுதச் சொல்லி ஆடா கேட்டுச்சு?” என்றார். கடைசியில், “மக பேரைப் போட்டு அனுப்புங்க, யாரு வந்து எண்ணப் போறா” என்றார். இந்த வயதில் பொய் எழுதப் பழக மாட்டேன் என்று அவரை அனுப்பிவிட்டேன்.

ஆள் வைத்துக்கொள்ளேன் என்பாய். விசாரித்தேன். பகலில் வந்து போக ஆள் உண்டு. என்னோடு தங்க ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. என் குணம் ஊரறிந்தது. பால் கறப்பவள் எட்டு மணிக்குப் போய்விடுவாள். உன் அப்பா போன பிறகு சனியும் ஞாயிறும்தான் எனக்குக் கிழமைகள். கேட்டைச் சாத்திவிட்டால் அவையும் இல்லை.

நேற்று மத்தியானம் பாலிசிப் படிவத்தை எடுத்து உன் முழுப் பெயரை எழுதினேன். உறவு: மகள். ‘எந்தத் தேதியிலிருந்து குடியிருக்கிறார்’ என்ற இடத்தில் கை ஓடவில்லை. அப்படியே வைத்திருக்கிறேன்.

உன் வேலையை எங்கிருந்தும் செய்யலாம் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். மற்றபடி நான் எதுவும் கேட்கவில்லை. உன் அறைக்கு வெள்ளையடித்தது கரையானுக்காக, தப்பாக நினைக்காதே. இருபத்தெட்டாம் தேதிக்குள் ஒரு தேதி எழுதி அனுப்பு. வர முடியாது என்றால் அதையும் சுற்றி வளைக்காமல் எழுது.

நீயும் அங்கே தனியாகத்தான் இருக்கிறாய். குளியலறையில் பார்த்துக் கால் வை. விழாமல் இருக்க ஆசீர்வாதம். அப்படியே விழுந்தாலும், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் யாரையாவது கடவுள் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா