அந்தோணியாரின் வெறுங்கை

ஒரூரோ,
3 ஆகஸ்டு 1978

என் அன்பான பொலிகார்ப்பியோவுக்கு,

நலம் கேட்டுத் தொடங்கும் நிலையில் நான் இல்லை. நம் ருஃபீனா கண் திறவாமல் கிடக்கிறாள். இன்றோடு நான்கு நாள். மூளைக்காய்ச்சல் என்கிறார் மருத்துவர். மருந்து கொடுத்தாயிற்று, இனிக் காத்திருப்பதுதான் என்கிறார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த மருத்துவமனைக்குப் புறப்பட்ட அன்று, நம் வீட்டு அந்தோணியார் சிலையின் கையிலிருந்த குழந்தை இயேசுவைக் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். "என் புள்ளைய எனக்குக் குடு, உன் புள்ளைய உனக்குத் தாரேன்" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். மேய்ச்சலுக்குப் போய்க் காணாமற்போன லாமாவுக்காகவும் என் ஊர்ப் பெண்கள் இதைச் செய்வார்கள்; நான் மகளுக்காகச் செய்தேன். அந்த விரலளவு மரக்குழந்தை இப்போது அவள் தலையணையடியில் இருக்கிறது. தாதி பார்த்துவிட்டு, "என்னம்மா, இந்தப் புள்ளைக்கும் காய்ச்சல் பாக்கணுமா?" என்றாள். அடுத்த கட்டிலில் மகன் நெஸ்தோரைக் கிடத்தியிருக்கும் தொமிங்கா மட்டும் சிரிக்கவில்லை.

தொழிற்சங்க மேடையில் சாமிகளைச் சாடுகிறவன் நீ. என்மீது சினங்கொள்ளாதே.

உன்
எவுசேபியா

சுரங்கக் குடியிருப்பு,
7 ஆகஸ்டு

என் உயிரான எவுசேபியாவுக்கு,

சினந்தேன், மறைக்கவில்லை. மண்டியிடாதீர் என்று மலையதிர முழங்கியவன் வீட்டிலா மரத்தோடு பேரம்! கேட்டே விடுவதென்று சிலையின் முன் போய் நின்றேன். குழந்தை போன பின்னும் அதைத் தாங்குவது போலவே அவர் கை வளைந்திருக்கிறது. ருஃபீனாவைத் தூக்கி வந்து பேருந்தில் உன் மடியில் கிடத்திவிட்டுத் திரும்பியபோது, என் கையும் அப்படித்தான் வளைந்திருந்தது.

அவசரத்தில் அவள் விட்டுப்போன செருப்புகளில் ஒன்றை அந்தக் கையில் வைத்து, "ஐயா, இதப் போட்டுக்க அவள எழுப்பி விடுங்க" என்று கேட்டேன். கேட்டவன் நானேதான். திரும்பிப் பார்த்தால், சங்கத் தோழன் எலெயூத்தெரியோ வாசலில் நின்றிருந்தான்.

"என்ன தலைவரே, சாமிகிட்டயும் கோரிக்கை மனுவா?"

"ஆமாப்பா. இந்தத் தடவ மிரட்டல் இல்ல, கெஞ்சல்."

அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு என்னருகில் மண்டியிட்டான்.

உன்
பொலிகார்ப்பியோ

ஒரூரோ,
13 ஆகஸ்டு

என் அன்பனே,

நேற்றுக் காலை நம் மகள் கண் திறந்தாள். "அம்மா, இந்தக் குட்டிப்பாப்பா என் கழுத்துல குத்துது" என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன். சோளக்கஞ்சி இரண்டு கரண்டி உள்ளே போயிற்று. அடுத்த வாரம் செவ்வாயன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

கேள். இன்று எங்களை வேறு கூடத்துக்கு மாற்றினார்கள். துணி மூட்டை கட்டும்போது தொமிங்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மகன் இன்னும் எழவில்லை. அவள் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ. மரக்குழந்தையை நெஸ்தோரின் தலையணையடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வாக்குத் தவறினேன். அந்தோணியார் நம் பிள்ளையைத் திரும்பக் கேட்பாரோ என்று நெஞ்சு பதறுகிறது. நீ அவரிடம் பேசு. பேசுவதற்கென்றே பிறந்தவன் நீ. வரும்போது அவள் செருப்பை மறவாதே.

எவுசேபியா

சுரங்கக் குடியிருப்பு,
17 ஆகஸ்டு

என் எவுசேபியா,

பேசினேன். "என் பொண்டாட்டி வாக்குத் தவறல சாமி, கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கா. அந்தப் பையனும் எந்திரிக்கட்டும்" என்றேன். அவர் மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. சுரங்க நிர்வாகத்தைவிட நல்லவர்.

செவ்வாயன்று வருகிறேன். செருப்புக் கொண்டுவர மாட்டேன். ஒன்று அவர் கையில் இருக்கிறது. நெஸ்தோர் எழும்வரை அங்கேயே இருக்கட்டும். பிள்ளை தூக்கிய கை வெறுமையாய் நிற்கலாகாது. பேருந்திலிருந்து வீடுவரை நம் மகளை நான் தூக்கி வருகிறேன். என் கை இன்னும் அப்படியேதான் வளைந்திருக்கிறது.

பொலிகார்ப்பியோ